பி.ஹெச். பாண்டியன்: சபாநாயகர் நாற்காலியில் ஒரு வக்கீல்

பாரிமுனை பாலு:
தேர்தல் நெருங்கினால் போதும், "படித்தவர்கள் வரணும், அதிலும் சட்டம் படித்தவர்கள் சட்டசபைக்கு வரணும்" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். இந்தப் பேச்சை உரசிப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல உரைகல் பி.ஹெச். பாண்டியன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: திருநெல்வேலிச் சீமையில் கோவிந்தப்பேரிக்காரர். வக்கீல். 1977-ல் அ.தி.மு.க. முதன்முதலாக ஆட்சியைப் பிடித்த தேர்தலில் சேரன்மகாதேவியிலிருந்து சட்டசபைக்கு வந்தார். 1980, 1984, 1989 என்று தொடர்ந்து அதே தொகுதி. 1980-ல் துணை சபாநாயகர், 1985-ல் சபாநாயகர். அந்த நாலு வருஷத்தில் கோட்டையில் நடந்தவற்றை வைத்து ஒரு சட்டக் கல்லூரி வகுப்பே எடுக்கலாம். சபாநாயகருக்கு 'வானளாவிய அதிகாரம்' என்ற தொடர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் எந்தச் சபாநாயகராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் அந்தத் தொடரைத்தான் தூசி தட்டி எடுக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குச் சட்டம் தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை, நன்றாகத் தெரிந்ததால் நடந்தவைதான் எல்லாம். கவுனைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் ஏறினார், ஆனால் கட்சிக்காரருக்கு வாதாடுகிற பழக்கத்தைக் கழற்றவில்லை. நாற்காலி கேட்டது ஒரு நீதிபதியை. கிடைத்தது ஒரு கெட்டிக்கார வக்கீல்.

சொல்லுங்கள், சண்டை போடலாம்.

தாமிரபரணி:
பாலு அண்ணாச்சி, எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பு எழுதிட்டீங்களே. நான் அந்தப் பக்கத்து ஆள், இப்போது வடபழனியில் இருக்கிறேன். எங்கள் ஊரில் அவரைப் பற்றிக் கேட்டால் 'வானளாவிய' கதையை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். தொடர்ந்து நாலு தடவை ஒரே தொகுதியில் ஜெயிப்பது லேசுப்பட்ட காரியமா?

அதிலும் 1989-ஐப் பாருங்கள். எம்.ஜி.ஆர். இல்லை, இரட்டை இலை முடங்கிவிட்டது. ஜானகி அம்மாளே ஆண்டிபட்டியில் தோற்றுப்போனார். அந்த அணியில் மாநிலம் முழுக்க ஜெயித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதில் ஒருவர் பி.ஹெச். கட்சி செத்துப்போன இடத்தில் ஆள் ஜெயித்திருக்கிறார் என்றால் தொகுதிக்கு ஏதோ செய்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? சபாநாயகர் ஆனபிறகும் ஊர்க்காரன் பட்டா பிரச்சினை என்று போனால் உட்காரவைத்துக் கேட்பார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வக்கீலிடம் போவதும் எம்.எல்.ஏ.விடம் போவதும் எங்கள் பக்கத்தில் பாதி ஒன்றுதான், இரண்டுக்கும் கையில் ஒரு மஞ்சப்பையும் பழைய பத்திரமும் இருக்கும்.

அந்தத் தொகுதியே இப்போது இல்லை. மறுசீரமைப்பில் 2011 தேர்தலிலிருந்து பெயரையே எடுத்துவிட்டார்கள்.

கேலரி கண்ணன்:
தம்பி தாமிரபரணி சொல்வது தொகுதிக் கணக்கு. நான் சபைக் கணக்கு சொல்கிறேன். பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து பென்சில் தேய்த்தவன் நான்.

1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, இன்னொருவர் ஒருவரை ஜேப்படித் திருடன் மாதிரியும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரியும் அடையாளம் சொல்வார். அவ்வளவுதான். டீக்கடையில் சிரித்துவிட்டு மறந்துபோகிற விஷயம். சபையில் உரிமை மீறல் என்று எடுத்தார்கள். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஏப்ரல் 4, சனிக்கிழமை. 3 மாதம் கடுங்காவல் என்று அறிவித்தார் சபாநாயகர்.

கடுங்காவல், கவனியுங்கள். ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றப்பத்திரிகை, சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் முடிந்து கொடுக்க வேண்டிய தண்டனை. இங்கே வக்காலத்துக் கிடையாது, வாய்தா கிடையாது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்ததே பழைய மத்திய சிறை, அங்கே கொண்டுபோனார்கள். (அந்த ஜெயிலை இடித்தாகிவிட்டது, இடம் மெடிக்கல் காலேஜுக்குப் போனது.) ஊரே கொந்தளித்தது. பத்திரிகைக்காரர்கள், எதிர்க்கட்சிகள், பத்திரிகையே படிக்காதவர்கள்கூட. இரண்டு நாள் தாண்டுவதற்குள் விட்டுவிட்டார்கள்.

விகடன் ஆசிரியர் அதோடு விடவில்லை, ஹைகோர்ட்டுக்குப் போனார். கைது செல்லாது என்று 1994-ல் தீர்ப்பு வந்தது, அடையாள இழப்பீடும் கிடைத்தது. தொகை சின்னதுதான். அதை அவர் செலவழிக்காமல் பிரேம் போட்டு மாட்டி வைத்துக்கொண்டார்.

குரோம்பேட்டை குமார்:
7 வருஷம் கழித்துத் தீர்ப்பு. சூப்பர். அதற்குள் சபாநாயகர் மாறி, ஆட்சி மாறி, ஜெயலலிதாவே முதல்வர் ஆகிவிட்டார். இதைத்தான் நான் எப்போதும் சொல்வது: சபைக்குள் நடப்பதைக் கோர்ட் தொடவே முடியாது. தொட்டாலும் ஆறின கஞ்சிதான்.

தம்புச்செட்டி வக்கீல்:
குமார் சார், பாதி சரி. "தொடவே முடியாது" என்பது சபாநாயகர்கள் பரப்பிய கதை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இந்த இடம்தான் சுவாரசியம்.

அரசியல் சட்டம் 194(3): சட்டசபையின் உரிமைகளைச் சட்டம் இயற்றி வரையறுத்துக்கொள்ளலாம், அதுவரை பழைய உரிமைகளே தொடரும். அந்தப் பழைய உரிமை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் காமன்ஸ் சபையிலிருந்து. 1978-ல் 44-வது திருத்தத்தில் காமன்ஸ் பெயரை எடுத்தார்களே தவிர சரக்கு அதேதான். எந்த உரிமை உண்டு, எதற்கு எவ்வளவு தண்டனை என்று இன்றுவரை யாரும் சட்டமாக எழுதவில்லை. எழுதினால் அடிப்படை உரிமைகளோடு உரசிப் பார்க்கப்படும் என்பது எல்லாக் கட்சிக்கும் தெரியும். எழுதாத வரைக்கும்தான் அது வானளாவியது.

அடுத்து 212. சபை நடவடிக்கையில் 'நடைமுறைக் குறைபாடு' என்று சொல்லிக் கோர்ட் கேள்வி கேட்க முடியாது. சரி. ஆனால் நடைமுறைக் குறைபாடு வேறு, சட்டவிரோதம் வேறு. உத்தரப் பிரதேசச் சட்டசபை உரிமை மீறலுக்காகச் சிறைக்கு அனுப்பிய கேசவ் சிங் விவகாரத்திலேயே 1964-ல் சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது. அங்கே ஜாமீன் கொடுத்த ஹைகோர்ட் நீதிபதிகளையே பிடித்துவரச் சொன்னது சட்டசபை! அலகாபாத்தில் 28 நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து அதை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. ஆக, 1987-ல் பி.ஹெச். உட்கார்ந்தபோது இந்தத் தீர்ப்பு 20 வருஷத்துக்கு மேல் பழசு. வக்கீலுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இங்கேதான் பாலுவோடு உடன்படுகிறேன். ஒரு நல்ல வக்கீல் தன் கட்சிக்கு எதிரான தீர்ப்பை 'இந்தக் கேஸுக்குப் பொருந்தாது' என்று தள்ளிவிடுவான். அது தொழில் தர்மம். நீதிபதி அப்படிச் செய்தால் அது அநியாயம்.

1986-ஐ யாரும் தொடவில்லையே? இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்டத்தின் 17-வது பகுதி, அதாவது ஆட்சிமொழிப் பகுதி, அதன் நகலை எரித்ததற்காக பேராசிரியர் அன்பழகன் உட்பட 10 தி.மு.க. உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். அரசியல் சட்டத்தின் மீது உறுதிமொழி எடுத்தவன் அதையே எரிக்கலாமா என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது, கோர்ட்டில் எழுந்து நின்று சொன்னால் ஜூனியர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் ஒரு உறுப்பினர் எப்படியெல்லாம் தகுதி இழப்பார் என்று 191 பட்டியல் போட்டிருக்கிறது. அதில் இது எங்கே இருக்கிறது? அன்பழகன் போட்ட வழக்கு 1988 ஏ.ஐ.ஆர். (தீர்ப்புத் தொகுப்பு) சென்னை 275-ல் இருக்கிறது. எம்.பி.க்கள் கேள்வி கேட்கக் காசு வாங்கிய விவகாரத்தில் 2007-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த ராஜா ராம் பால் தீர்ப்பிலும் அந்த வழக்கு பேசப்படுகிறது.

பாரிமுனை பாலு:
வக்கீல் சார் வந்தால் இந்த விவாத இழைக்கே கவுன் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது, நன்றி.

எனக்கு 1986, 87-ஐ விட 1988 ஜனவரிதான் பெரிய விஷயம். எம்.ஜி.ஆர். இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஜானகி முதல்வர். கட்சி இரண்டாகக் கிழிந்து கிடக்கிறது. ஜனவரி 28 நம்பிக்கை வாக்கெடுப்பு. சபாநாயகர் எதிரணிக்காரர்கள் மீது கட்சித் தாவல் தடைச் சட்டத்தை எடுத்தார். அப்புறம் நடந்தது ஊரறிந்தது: மைக் பறந்தது, அடிதடி, சபைக்குள் போலீஸ் தடியோடு வந்தது. அந்தக் கலவரத்துக்கு நடுவே அரசு ஜெயித்ததாக அறிவிப்பு. இரண்டே நாள், 30-ம் தேதி ஆட்சி கலைப்பு, ஜனாதிபதி ஆட்சி.

கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததே 1985-ல், 52-வது திருத்தம். அதை அரசியல் சட்டத்தில் சேர்த்த 10-வது அட்டவணை மை காயாத நேரம். அதில் சபாநாயகர் முடிவைக் கோர்ட் கேட்கக்கூடாது என்று ஒரு பத்தி வேறு இருந்தது. அதைச் சுப்ரீம் கோர்ட் தூக்கியது கிஹோட்டோ வழக்கில், 1992-ல். அதாவது பி.ஹெச். கையில் இருந்தபோது அந்த ஆயுதத்துக்கு உறையே இல்லை. ஒரு வக்கீல் எப்படி யோசிப்பார்? "சட்டம் எனக்கு இடம் கொடுக்கிறது, எடுத்துக்கொள்கிறேன்."

ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாளுக்கு அவர் ஒருவரே பொறுப்பு என்று எழுதுவது சோம்பேறித்தனம். டெல்லி ஒரு கணக்குப் போட்டது, மற்றக் கட்சிகள் ஒரு கணக்குப் போட்டன. நாற்காலியில் இருந்தவர் முகம்தான் நினைவில் நிற்கிறது.

அகிலா மந்தைவெளி:
எல்லோரும் இடிப்பதையே பேசுகிறீர்கள். நான் ஹைகோர்ட்டில் ஜூனியர், சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. லா படித்தவர் சட்டசபைக்குப் போய் உருப்படியாக ஏதாவது கட்டிய கதை ஒன்றுகூட இல்லையா? அப்புறம் ஒரு சந்தேகம். எம்.எல்.ஏ. ஆனால் பிராக்டிஸை விட்டுவிட வேண்டுமா? எங்கள் சேம்பரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது.

எழும்பூர் எட்வின்:
அகிலா, ஏன் இல்லாமல்? இரண்டு பேரைச் சொல்கிறேன்.

முதலாவது ஆர். வெங்கட்ராமன், பின்னால் ஜனாதிபதி ஆனவர். அதற்கு முன்னால் அவர் சென்னை ஹைகோர்ட் வக்கீல், தொழிலாளர் சட்டத்தில் ஊறியவர், 1949-ல் அதற்கென்றே ஒரு சட்ட இதழ் தொடங்கினார். காமராஜர் அமைச்சரவையில் தொழில் துறை அவர் கையில். கிண்டி தொழிற்பேட்டை அந்தக் காலத்தில் வந்ததுதான். தொழிற்சங்கத்துக்காரன் என்ன கேட்பான், முதலாளி எங்கே இழுப்பான் என்று இரண்டும் கோர்ட்டில் பார்த்தவர் என்பதால் அந்த வேலை அவருக்குப் பழகிய மண். அவர் இருந்தது மேலவையில். வக்கீல், வாத்தியார், டாக்டர் என்று ஓட்டுக் கேட்டு ஜெயிக்க முடியாதவர்களுக்கு அது ஒரு வாசல். அந்த வாசலும் 1986 நவம்பர் 1-ல் மூடியது. வெண்ணிற ஆடை நிர்மலாவை நியமிக்கப்போய், அவர் திவாலானவர் என்று ஒரு வக்கீல் கோர்ட்டுக்குப் போய், கடைசியில் மேலவையையே மூடிய கதை தெரியும்தானே? அந்தத் தீர்மானம் நிறைவேறியபோதும் சபாநாயகர் நம் பி.ஹெச்.தான்.

இரண்டாவது எஸ். மாதவன். 1967-ல் அண்ணா அமைச்சரவையில் சட்ட அமைச்சர். சுயமரியாதைத் திருமணச் சட்டம் அந்தக் காலத்தில் வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு சின்னப் பிரிவு. புரோகிதர் வேண்டாம். உறவினர், நண்பர் யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லி மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். முன்னாலேயே அப்படி நடந்த கல்யாணங்களும் செல்லும் என்று சேர்த்தார்கள் பாருங்கள், அங்கேதான் வக்கீல் மூளை வேலை செய்திருக்கிறது. இல்லாவிட்டால் முப்பது நாற்பது வருஷமாக நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களின் பிள்ளைகள் சொத்துக் கேஸில் மாட்டியிருப்பார்கள்.

2023-ல் சுப்ரீம் கோர்ட், வக்கீல் ஒருவர் நண்பராக நின்று இந்தப் பிரிவின் கீழ் கல்யாணம் நடத்திவைத்தாலும் செல்லும் என்றது. தம்புச்செட்டித் தெரு சேம்பர்களில் எத்தனை மாலை மாறியிருக்கும் என்று நம்ம வக்கீல் சாரைத்தான் கேட்க வேண்டும்.

தம்புச்செட்டி வக்கீல்:
அந்தக் கணக்கை நான் சொல்ல மாட்டேன், எட்வின்.

அகிலா, உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். எம்.எல்.ஏ., எம்.பி. ஆனால் பிராக்டிஸ் பண்ணக்கூடாது என்று ஒரு பொதுநல வழக்கு போட்டார்கள். 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. பார் கவுன்சில் விதி 49 முழுநேரச் சம்பளக்காரர்களைத்தான் தடுக்கிறது. எம்.எல்.ஏ. வாங்குவது சம்பளம் என்று எழுதியிருந்தாலும் அவருக்கு முதலாளி யாரும் இல்லை, அதனால் அது வேலை ஆகாது என்பது சாரம். மந்திரியானால் விஷயம் வேறு, கவுனை மாட்டி வைத்துவிட வேண்டியதுதான்.

சட்டம் அனுமதிக்கிறது, சரி. நடைமுறையில்? சபை காலை 10 மணிக்குக் கூடினால் கோர்ட் 10.30-க்கு உட்காரும். கோட்டைக்கும் ஹைகோர்ட்டுக்கும் நடந்தே போகிற தூரம்தான், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் எழுந்து நிற்க முடியாது. அதனால் கேஸ் ஜூனியர்கள் தலையில் விழும். இல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் அந்த இருக்கை காலியாக இருக்கும். இரண்டாவதுதான் அதிகம் என்று கண்ணன் சார் சொல்வார்.

இன்னொன்று: மானியக் கோரிக்கை (துறைகளுக்கான நிதி ஒதுக்கீடு) விவாதத்தில் பேசுவதற்கு வக்கீலாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வக்கீல் மூளை தேவைப்படுவது சட்ட முன்வடிவைப் பிரிவு பிரிவாகப் படிக்கும்போது. கூட்டத்தொடரின் கடைசியில் அரை மணி நேரத்தில் அடுக்கடுக்காக மசோதா நிறைவேறும்போது எந்தப் பிரிவை யார் படித்தார்கள்? "ஆம் என்போர், இல்லை என்போர்" முடிந்துவிடும். நீங்கள் போனால் அங்கே எழுந்து நில்லுங்கள்.

குரோம்பேட்டை குமார்:
நல்லா இருக்கு. ஆனால் எழுந்து நின்றால் கொறடா உட்கார வைப்பார். கட்சி சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவி போகும். அதே 10-வது அட்டவணை. வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் நிறுவனர் விஸ்வநாதன் ஞாபகம் இருக்கிறதா? அவரும் சட்டம் படித்தவர், மந்திரியாக இருந்தவர். கட்சியிலிருந்து அவர்களே நீக்கினார்கள், அப்புறம் வேறு கட்சிக்குப் போனார் என்று எம்.எல்.ஏ. பதவியையும் பறித்தார்கள். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டும் சரி என்றது. கட்சி துரத்திவிட்டாலும் நீ அந்தக் கட்சி ஆள்தானாம்! அந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு எந்த வக்கீல் எம்.எல்.ஏ. வாய் திறப்பார்?

2017-ல் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேர் பதவி போனதே, அதுவும் இந்த வகைதான். ஹைகோர்ட்டில் முதலில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் சபாநாயகர் பக்கம் சொன்னார். அந்தச் சபாநாயகர் தனபால் வக்கீல் இல்லை. ஆக, வக்கீல் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் நாற்காலி ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது, பாலு.

தாமிரபரணி:
குமார் அண்ணே சொன்னதுதான் என் கட்சியும். எல்லாச் சபாநாயகரும் ஆளுங்கட்சிக்குத்தான் பார்த்தார்கள், பி.ஹெச். அதை மூடி மறைக்காமல் பார்த்தார்.

அவருடைய பின்வாழ்க்கையையும் சேர்த்துப் பாருங்கள். ஜானகிக்காக நின்றவர், அப்புறம் ஜெயலலிதா தலைமைக்கு வந்து 1999-ல் திருநெல்வேலி எம்.பி. ஆனார். மகன் மனோஜ் பாண்டியனும் வக்கீல். 2001-ல் அதே சேரன்மகாதேவியில் எம்.எல்.ஏ. 2017 பிப்ரவரி 7 காலையில் அப்பாவும் பிள்ளையுமாக உட்கார்ந்து சசிகலாவுக்கு எதிராகப் பேட்டி கொடுத்தார்கள். கட்சியே வாய் மூடிக் கிடந்த நேரம் அது. ராத்திரிதான் ஓ.பி.எஸ். மெரினாவில் போய் உட்கார்ந்தார். காலையில் முதலில் பேசியது யார்? 2020 ஜனவரியில் பி.ஹெச். இறந்துவிட்டார். பயந்த ஆள் இல்லை, அதையும் எழுதுங்கள் அண்ணாச்சி.

பாரிமுனை பாலு:
பயந்தவர் என்று நான் எங்கே சொன்னேன் தம்பி? பேட்டி கொடுக்கிற துணிச்சல் வக்கீலுக்கும் அரசியல்வாதிக்கும் இருக்க வேண்டியது, அவருக்கு நிறையவே இருந்தது. சபாநாயகருக்கு வேண்டிய துணிச்சல் வேறு. தன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்த ஆட்களிடம் "முடியாது" என்று சொல்வது. 1985 முதல் 89 வரை அப்படி அவர் சொன்ன ஒரு சம்பவம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள், நான் நிஜமாகவே தேடிக்கொண்டிருக்கிறேன்.

குமார், நாற்காலி ஒரே மாதிரி வேலை செய்கிறது என்பது சரி. வித்தியாசம் என்னவென்றால், சட்டம் தெரியாதவர் அட்வகேட் ஜெனரலைக் கூப்பிட்டுக் கேட்பார், யாராவது ஒருவர் "வேண்டாம் சார்" என்று சொல்ல ஒரு வாய்ப்பாவது இருக்கும். தெரிந்தவர் யாரைக் கேட்பார்?

கேலரி கண்ணன்:
பாலு, அந்தக் கடைசிக் கேள்வி ஜோராகத்தான் இருக்கிறது, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2003-ல் 'இந்து' பத்திரிகைக்காரர்களுக்கு 15 நாள் சிறை என்று சபை தீர்மானித்தது. அப்போது சபாநாயகர் கா. காளிமுத்து, தமிழ் படித்தவர், மேடைப் பேச்சில் மன்னன். அவரைச் சுற்றி எத்தனை சட்ட ஆலோசகர்கள் இருந்தார்கள்! யாராவது "வேண்டாம் சார்" என்றார்களா? மூன்றே நாளில் சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தது.

1987-ல் இரண்டு நாளில் விட்டது ஊர் போட்ட சத்தத்தால். 2003-ல் நின்றது கோர்ட் உத்தரவால். இரண்டு தடவையும் சபைக்குள் இருந்த வக்கீல் எம்.எல்.ஏ.க்கள் என்ன பேசினார்கள் என்று யாராவது நடவடிக்கைக் குறிப்பை எடுத்துப் பாருங்களேன். கோட்டை நூலகத்தில் கட்டுக் கட்டாக இருக்கிறது. அகிலா, கோர்ட் விடுமுறையில் உங்களால் முடியுமா?

அகிலா மந்தைவெளி:
முடியும் சார். 1987 ஏப்ரலில் ஆரம்பிக்கிறேன். அனுமதிக் கடிதம் யாருக்கு எழுத வேண்டும், பேரவைச் செயலாளருக்கா?

கேலரி கண்ணன்:
அவருக்கே எழுதும்மா. சீனியரிடம் ஒரு பரிந்துரைக் கடிதமும் வாங்கி வைத்துக்கொள், வாசலில் கேட்பார்கள்.